போகுதா, போறீங்களா?

அன்று காலையில் வெண்டைக்காய் நறுக்க அரிவாள்மனையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகும் உட்காராதது போலவே இருந்தது. பலகை அடியில் இருக்கிறதா என்று கையைக் கொடுத்துத் தடவிப் பார்த்தேன். இருந்தது. என் உடம்புக்குத்தான் அது தெரியவில்லை.

முதுகுவலி அதற்கு முன்பே வந்திருந்தது. களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தபோது மழை இறங்கிவிட்டது. தெருவே ஓடி வந்து அள்ளியது. ஈரம் ஏறிய மூட்டையை நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். இடுப்பில் சுருக்கென்று ஒரு வெட்டு. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவிக்கொண்டேன். வலி இடுப்பிலிருந்து இரண்டு தொடைக்கும் இறங்கியது. காட்டு வேலை செய்கிற உடம்புக்கு இதெல்லாம் ஒரு பெரிய காரியமா என்று இருந்துவிட்டேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். ராமநாதபுரத்துக்கு மேற்கே, கண்மாய்க்கரையை ஒட்டிய கிராமம். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டேன். டாக்டர்கள் மாதிரி எனக்கு எழுத வராது. ஆனால் இந்த நோய் வந்த பெண்கள் வெளியே சொல்ல மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் சொல்லாமல் இருந்தவள்தான். அதனால் எழுதுகிறேன். கூச்சமான வார்த்தைகள் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலகை தெரியாமல் போனதற்கு மறுநாள் சேலை நனைந்திருந்தது. நனைந்தது எனக்குத் தெரியவில்லை. வாசல் கூட்டிவிட்டுத் திரும்பினபோது, பின்னால் வந்த என் மதினி, அதாவது அண்ணன் மனைவி, பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது. தண்ணீர்க் குடம் சிந்தியிருக்கும் என்று சமாளித்தேன். அன்று முழுவதும் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருந்தது. மாற்றிக் கட்டினால் அதுவும் நனைந்தது.

எங்கள் வீட்டு மாடத்தில் அம்மன் படமும் ஒரு காமாட்சி விளக்கும் உண்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலையும் மாலையும் அந்த விளக்கை ஏற்றுவது நான்தான். குளித்து, உலர்ந்த சேலை கட்டித்தான் மாடத்துக்குப் போவேன். பிள்ளைப்பேற்றிலும் மாதவிலக்கிலும் தவிர விட்டதில்லை. இப்போது மூத்திர ஈரத்தோடு எப்படி அம்மன் முன்னால் நிற்பது. விளக்கை ஏற்றித் தரச் சொல்லி மதினியைக் கூப்பிட்டேன்.

"என்னத்தா, வீட்டுக்கு வெலக்கா? இந்த வயசுலயா? எங்க அண்ணன் பாடு கொண்டாட்டந்தான் போ" என்று சிரித்தார்.

"இல்ல மதினி. சேலை சுத்தமா இல்ல."

"மாத்திக் கட்டு."

"மாத்தினாலும் நனையுது."

மதினி சிரிப்பை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார். விளக்கேற்றி முடித்துத் திரும்பி வந்து, "தண்ணியக் கொறச்சுக்க. உள்ள போனாத்தான வெளிய வரும்" என்றார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து சோற்றுக்குத் தண்ணீர் குடிப்பதைக்கூட விட்டேன். அப்படியும் சொட்டுவது நிற்கவில்லை. அடிவயிறு கல் கட்டினாற்போல் கனத்தது. வெளிக்கும் சரியாகப் போகாததால் அந்தக் கனம் என்று நினைத்தேன்.

பக்கத்து ஊரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட்டம். டாக்டர் தலையை நிமிர்த்தாமல், "ஒண்ணுக்குப் போகுதாம்மா?" என்று கேட்டார்.

"போகுது டாக்டர். அது பாட்டுக்குப் போயிக்கிட்டேதான் இருக்கு" என்றேன்.

நீர்த்தாரையில் கிருமி இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் குறையில்லை. அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்னது சரியான பதில். கேள்வியும் பதிலும் சரியாக இருந்து, நோய் மட்டும் இரண்டுக்கும் நடுவில் தப்பி வந்துவிட்டது.

ஒரு நாள் கடைக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கால் செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது. அது இல்லாமலே வீடு வரை நடந்து வந்திருக்கிறேன். அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டினார். ராமநாதபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே இருந்தவர் ஒரு பெண் டாக்டர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். என்னைப் படுக்கவைத்து அடிவயிற்றில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"ஒண்ணுக்குப் போகுதா?"

"போகுதுங்க."

"போகுதா, நீங்க போறீங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக மறுபடி கேட்டார். "வருதுன்னு தோணி, எழுந்து, பாத்ரூமுக்குப் போய், உட்கார்ந்து, நீங்களா விட்டு, முடிஞ்சதுன்னு எழுந்து வந்தது கடைசியா எப்போங்க?"

யோசித்துப் பார்த்தேன். பலகை தெரியாமல் போன நாளுக்குப் பிறகு நான் போகவே இல்லை. அதுதான் போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் நாம் ஒரே வார்த்தையில்தான் சொல்கிறோம். அன்றுதான் அவை இரண்டு வேறு வேறு காரியம் என்று எனக்குத் தெரிந்தது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மூத்திரப்பை தொப்புள் வரைக்கும் நிறைந்து நின்றது. உடனே கதீட்டர் (மூத்திரப்பைக்குள் விடுகிற மெல்லிய குழாய்) போட்டார்கள். செம்பு செம்பாக வந்தது. அந்தக் கனம் இறங்க இறங்க, ஏன் என்று தெரியாமல் அழுதேன். என் வீட்டுக்காரர் திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

பிறகு டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன்.

இரண்டு சிறுநீரகமும் ஓயாமல் நீரைப் பிரித்துக் கீழே அனுப்புகின்றன. அது வந்து தங்குகிற இடம் மூத்திரப்பை. அதன் சுவர் முழுக்கத் தசை. நீர் சேரச் சேர அது விரிந்து கொடுக்கும். விரிகிறபோது அங்குள்ள நரம்பு முதுகுத்தண்டு வழியாக மூளைக்குச் சேதி அனுப்பும், நிறைகிறது என்று. மூளை, பொறு என்று திருப்பிச் சொல்லும். அது பொறு என்கிறவரை பை தளர்ந்திருக்கும், பையின் வாய் இறுகியிருக்கும். வாயை இறுக்கிப் பிடிக்கிற தசைக்கு ஸ்பிங்க்டர் (சுருக்குப்பையின் கயிறு போல வளையமான தசை) என்று பெயர் சொன்னார். நாம் மறைவிடத்தில் போய் உட்கார்ந்ததும் மூளை, சரி என்று விடும். உடனே வாய் தளரும், பை சுருங்கும். பிடிக்கச் சொல்லும் நரம்பு வேறு, விடச் சொல்லும் நரம்பு வேறு. ஒன்று வேலை செய்யும்போது மற்றது ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஒழுங்கைக் குழந்தை இரண்டு மூன்று வயதில் பழகிக்கொள்கிறது. பிறகு ஆயுசுக்கும் அதை நினைப்பதில்லை.

அந்தச் சேதி போகிற நரம்புகள் முதுகெலும்பின் அடியில் குதிரை வால் மயிர் மாதிரி கற்றையாகத் தொங்குகின்றன. மூட்டை தூக்கினபோது என் டிஸ்க் (எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கிற மெத்தை) பிதுங்கி அந்தக் கற்றையை நசுக்கிவிட்டது. உட்காருகிற இடம் மரத்துப் போனதும், பை நிறைந்தது எனக்குத் தெரியாமல் போனதும், செருப்பு கழன்றதும் எல்லாம் ஒரே நசுக்கல்தான்.

"அப்ப ஏன் டாக்டர் சொட்டிக்கிட்டே இருந்துச்சு? நாங்க இவளால அடக்க முடியலன்னுல்ல நினைச்சோம்" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"அடக்க முடியாம இல்லைங்க. வெளியேத்த முடியல. நிறைஞ்சு வழியுது."

அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கலுங்கு பாஞ்சிருக்கு" என்றார்.

"கலுங்குன்னா என்னங்க?"

"கண்மாய் நிறைஞ்சா மிச்சத் தண்ணி தானா வழிஞ்சு போறதுக்குக் கரையில ஒரு எடம் விட்டிருப்பாங்க டாக்டர். அதுதான் கலுங்கு. மடை தொறந்தாத்தான் வயலுக்குத் தண்ணி. மடை அடைச்சுக்கிட்டு நிக்குது, கலுங்குல வழியுது. நாங்க கண்மாயில தண்ணி நிக்கலன்னு நினைச்சுக்கிட்டு, தண்ணி வந்து சேர்ற வரத்துக்காலை அடைச்சிருக்கோம். தண்ணி குடிக்க விடாமப் போட்டிருக்கோம்."

டாக்டர், "அதேதாங்க" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "கரை உடையறதுக்கு முன்னாடி வந்துட்டீங்க. இன்னிக்கே மதுரைக்குப் போகணும்."

மதுரையில் எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உள்ளே படம் எடுக்கிற மெஷின்) எடுத்து, உடனே ஆபரேஷன் செய்தார்கள். பிதுங்கினதை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் அதிகம் பேசாதவர். "நசுங்கின நரம்பு எப்ப முழிக்கும்னு சொல்ல முடியாதும்மா. கால் முதல்ல தேறும். மூத்திரப்பை கடைசியா தேறும். தேறாமலும் போகலாம்" என்றார். சீக்கிரம் வந்திருந்தால் நல்லது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். முதுகுவலியோடு உட்காருகிற இடம் மரத்தால், சுளுக்கு என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே போங்கள். மழை வருகிறது, களத்தில் மிளகாய் கிடக்கிறது என்று பார்க்காதீர்கள்.

வார்டில் ஒரு நாள் குழாயை எடுத்துவிட்டு, இயல்பாக வருகிறதா என்று பார்த்தார்கள். வரவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும் என்று சிஸ்டர் வாஷ்பேசின் குழாயைத் திறந்துவிட்டார். சலசலவென்று கொட்டியது. பக்கத்துக் கட்டில் பெண் எழுந்து போனார். எதிர்க் கட்டில் பெண் போனார். எனக்குத் துணைக்கு வந்திருந்த மதினியும் போய்விட்டு வந்தார்.

"ஒனக்குத் தொறந்த குழாய்க்கு ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் வருதேத்தா" என்றார்.

நானும் சிரித்தேன். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. காதுக்குக் கேட்டது. இடுப்புக்குக் கீழே அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. காலி வீட்டு வாசலில் நின்று ஆளைக் கூப்பிடுவது மாதிரி இருந்தது.

அப்போது சிஸ்டர், நாள் பூராவும் குழாயைப் போட்டே வைத்திருக்க வேண்டாம், வேளாவேளைக்கு நீங்களே ஒரு மெல்லிய குழாயை விட்டு நீரை வெளியேற்றிவிட்டு எடுத்துவிடலாம் என்று சொன்னார். நிறைய பேர் இப்படித்தான் இருக்கிறார்களாம். வேலைக்கும் போகிறார்களாம். என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நிரந்தரக் குழாயும் பையுமாக ஊருக்கு வந்தேன். குழாய் வழியாக நீர் இறங்குகிற பிளாஸ்டிக் பையைத் துணிக்கடைப் பைக்குள் மறைத்துக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பேன். எதிரே வருகிறவர்கள், "என்ன, கடைக்குப் போயிட்டு வாரியா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். மாடத்து விளக்கை மதினிதான் ஏற்றினார். நான் தூரத்தில் நின்று கும்பிட்டுக்கொள்வேன்.

குளிர்காய்ச்சல் வந்தது. நீர் கலங்கி நாற்றமடித்தது. மறுபடி ராமநாதபுரம். மறுபடி ஸ்கேன். இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். இந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் அவை தாங்காது என்றார்.

"நீங்களே எடுக்கக் கத்துக்கங்கம்மா. வேற வழி இல்ல."

"இந்தக் கையாலதான் டாக்டர் நான் விளக்கேத்தணும்."

"சோப்பு போட்டுக் கழுவுற கைதானங்க."

அது அவருக்குப் போதுமான பதில். எனக்குப் போதவில்லை. சோப்புக்குப் போகிற அழுக்கைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் அதை எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வெளியே நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் வீட்டுக்காரர், "ஒனக்குக் கூச்சமா இருந்தா நான் எடுத்துவிடுறேன். என் கை விளக்கேத்துற கையில்ல, மம்பட்டி பிடிக்கிற கைதான்" என்றார்.

"சும்மா இருங்க" என்றேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் அந்தக் காரியத்தைச் செய்யும்படி விடுவதைவிட நானே செய்வது மேல் என்று அப்போதுதான் மனம் இறங்கியது. எழுந்து உள்ளே போனேன்.

சிஸ்டர் ஒரு கண்ணாடியைக் காலிடுக்கில் நிறுத்தி வைத்துக் காட்டினார். இத்தனை வருஷம் பொட்டு வைக்கத்தான் கண்ணாடி பார்த்திருக்கிறேன். இரண்டு பிள்ளை பெற்றவளுக்குத் தன் உடம்பில் எது எங்கே என்று தெரியவில்லை. "அது இல்லம்மா. அதுக்கு மேல. இன்னும் மேல. மதுரைக்கு வழி கேட்டா மானாமதுரையிலயே எறங்கிடுறீங்களே" என்று சிஸ்டர் சொன்னார். குழாய் பட்டது எனக்குத் தெரியவில்லை, ஆனால் நீர் வந்தது. என் கையால் நான் திறந்த மடை.

அதன் பிறகு வாழ்க்கை ஒரு சங்குச் சத்தத்தில் கட்டுண்டது. என் வீட்டுக்காரர் போனில் சங்கு ஊதுகிற மாதிரி அலாரம் வைத்துக் கொடுத்தார். பையே சேதி சொல்லாதபோது நேரம்தான் சேதி சொல்ல வேண்டும். சங்கு ஊதினால் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், குழாயை விட வேண்டும், அடிவயிற்றை லேசாக அழுத்தி முழுக்க இறக்க வேண்டும், மறுபடி கழுவ வேண்டும். ஊரில் கண்மாய் மடையைத் திறந்து அடைக்கிறவருக்கு நீர்ப்பாய்ச்சி என்று பெயர். சங்கு ஊதினால் என் வீட்டுக்காரர், "நீர்ப்பாய்ச்சி வந்துட்டாரு, எந்திரி" என்பார். மூத்திரப்பைக்கு இருந்த நீர்ப்பாய்ச்சி செத்துப்போனார், அந்த வேலையை நீ எடுத்துக்கொண்டாய் என்பது அவர் கணக்கு.

சிரிப்பு கொஞ்ச நாளில் தேய்ந்துவிட்டது. அவர் சொல்வதும் நான் எழுவதும் மட்டும் மிஞ்சியது. தீபாவளியன்றும் இதே. மகளை அழைத்துவரப் போன இடத்திலும் இதே. கல்யாண வீட்டுக்குப் போனால் மணமேடையைப் பார்ப்பதற்கு முன்னால் பாத்ரூம் எங்கே என்று பார்ப்பேன். அசந்து தூங்கினாலும் சங்கு விடாது. வலியைத் தாங்கிக்கொள்ளலாம், வலிக்கு ஒரு முடிவு இருக்கும். இந்த அலுப்பு அப்படி இல்லை. நாளைக்கும் இதுதான் என்று தெரிந்த அலுப்பு. சில நாள் சுவரில் சாய்ந்துகொண்டு, அம்மா தாயே, இன்னும் எத்தனை காலம் என்று கேட்பேன். அதையும் மாடத்துக்குப் பக்கத்தில் போய்க் கேட்கமாட்டேன். அடுப்படியில் இருந்தே கேட்பேன்.

வீக்கம் குறைந்திருப்பதாக டாக்டர் சொன்னார். கிட்னி பிழைத்தது. விளக்கு மட்டும் மதினி கையில்தான் இருந்தது.

ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போனபோது என் வீட்டுக்காரர் ராமேஸ்வரத்துக்கு நேர்ந்திருக்கிறார், நான் நடந்து வந்தால் தீர்த்தமாட வைக்கிறேன் என்று. ஆடி அமாவாசை நெருங்கியதும் சொன்னார். நான் வரவில்லை என்றேன். எந்த உடம்போடு அந்தக் கோயிலுக்குள் போவேன்.

"நேந்துக்கிட்டது நான். நீ வரலைன்னா சாமி என்னையத்தான் கேக்கும். நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

டாக்டர், கிளம்பும் முன்னாலும் குளிக்கும் முன்னாலும் எடுத்துவிட்டால் போதும், தண்ணீர் நன்றாகக் குடியுங்கள் என்றார். மாற்றுச் சேலை, குழாய், சோப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

பாம்பன் பாலத்தில் எல்லாரும் ஜன்னலுக்குத் தாவிக் கடலைப் பார்த்தார்கள். நான் போனில் நேரத்தைப் பார்த்தேன். தீவுக்குள் நுழைந்ததும் அமாவாசைக் கூட்டத்தில் வண்டிகள் தேங்கிவிட்டன. அக்காள்மடத்தில் பஸ் நின்றது நின்றதுதான். சங்கு ஊதியது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஏதோ கோயில் சங்கு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் இறங்கிப் போய், ரோட்டோரம் ஒரு வீட்டு வாசலில் மீன் செதில் உரசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டார். அந்தம்மா என்னைப் பார்த்து, "வாத்தா, கொல்லைப்பக்கம் இருக்கு. தண்ணி ரொப்பி வச்சிருக்கேன்" என்றார்.

எனக்கு நேரம் பிடித்தது. வெளியிலிருந்து அந்தம்மா குரல் வந்தது. "ஏத்தா, உள்ள குளிக்கிறியா, குடித்தனம் பண்றியா? பஸ் போயிரப் போகுது."

வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்ததும், ஏனோ, மறைக்கத் தோன்றவில்லை. முதுகில் நரம்பு நசுங்கியது, பை நிறைந்தால் எனக்குத் தெரியாது, வழிந்ததைப் போகிறது என்று நினைத்திருந்தது எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னேன்.

மீன் மேல் கத்தி நின்றது.

"எங்க மாமியாளுக்கும் சொட்டிக்கிட்டேதான் இருந்துச்சு" என்றார். "சர்க்கரை உண்டு. வயசாயிருச்சு, தாங்காதுன்னு விட்டுட்டோம். துணி தொவைக்க மாளலன்னு தண்ணியக்கூடக் கொறச்சுத்தான் குடுத்தேன். போகுதான்னு டாக்டரு கேட்டாரு. போகுதுன்னுதான் நானும் சொன்னேன். கடைசில கிட்னி ரெண்டும் போச்சுன்னாக."

சர்க்கரை நாள்பட்டால் அதுவும் இந்த நரம்பைத் தின்னும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். மீன் வாடை போகவில்லை.

"நாங்க வேதக்காரங்கதான், மாதா கோயிலுக்குப் போறவங்க. இருந்தா என்ன. தீர்த்தத்துல எங்க மாமியாளுக்கும் ஒரு வாளி ஊத்திக்க. போயிட்டு வா."

பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஏறினபிறகுதான் பெயரைக் கேட்காமல் வந்தது தெரிந்தது.

கடலில் முழுகிவிட்டு, கோயில் தீர்த்தக் கிணறுகளுக்கு வரிசையில் போனோம். ஒவ்வொரு கிணற்றடியிலும் வாளியால் மொண்டு தலையில் ஊற்றினார்கள். பிரகாரம் முழுக்க ஈரம். என் முன்னால் போனவர் சேலை சொட்டியது, பின்னால் வந்தவர் வேட்டி சொட்டியது. எவ்வளவு நாளாக நான் நனைந்த சேலையை ஒளித்துக்கொண்டு திரிந்தேன். இங்கே நனையாமல் வந்தால்தான் குறை. யாரும் யாரையும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கிணற்றில் இரண்டாவது வாளி கேட்டு வாங்கி, அக்காள்மடத்து மாமியாருக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

சேலை மாற்றிக்கொண்டு சாமி பார்த்துவிட்டு வெளியே வரும் வழியில், ஒரு சின்னச் சன்னதியின் கோமுகி (அபிஷேகத் தண்ணீர் வெளியே விழுகிற கல் வாய்) அருகில் ஒரு குருக்கள் குனிந்திருந்தார். வில்வமும் பூவும் அடைத்துக்கொண்டு உள்ளே தண்ணீர் தேங்கிவிட்டது போல. ஒரு மெல்லிய குச்சியை அந்த வாய்க்குள் விட்டு மெதுவாகத் துழாவினார். "ஊத்துறதுக்கு ஊரே வருது. போறதுக்கு வழி இருக்கான்னு ஒருத்தரும் பாக்குறதில்ல" என்று தனக்குத்தானே அலுத்துக்கொண்டார். சட்டென்று அடைப்பு விட்டு, தண்ணீர் குபுகுபுவென்று விழுந்தது. அவர் கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அதே கையால் தீபத்தட்டை எடுத்தார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். இப்படி நினைப்பது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. தப்பென்றால் அந்த ஈசன் பொறுத்துக்கொள்ளட்டும். தீபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது என் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"என்ன புள்ள, கால் நோகுதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இல்லை என்றேன்.

ஊருக்கு வந்த மறுநாள் மதினி விளக்கேற்ற வந்தார். தீப்பெட்டியைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. அவர் என்னையும் மாடத்தையும் பார்த்துவிட்டு, "அப்பாடா. எனக்கு எங்க வீட்டு விளக்கே ஏத்த நேரமில்ல" என்று திரும்பிப் போனார். தெருமுனையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததாக என் வீட்டுக்காரர் சொன்னார்.

பழைய உடம்பு திரும்பவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றினதாகும். உட்காருகிற பலகை இப்போது கனமான துணிக்கு அந்தப்பக்கம் இருப்பதுபோல் தெரிகிறது. இருமினால் கொஞ்சம் நனைகிறது. முழுதாக இறங்க இன்னும் குழாய்தான். காலையில் உடம்பு அசந்து வருகிறது, சாயந்திரம் மனசு அலுத்து வருகிறது.

நேரமும் மாறிவிட்டது. முன்பு எனக்குக் காலை, மத்தியானம், பொழுது சாய்கிற நேரம் என்று இருந்தது. இப்போது ஒரு சங்குக்கும் அடுத்த சங்குக்கும் நடுவில் இருப்பதுதான் என் பொழுது. அந்த நடுவில் சோறாக்குகிறேன், காட்டுக்குப் போகிறேன், தண்ணீர் நிறையக் குடிக்கிறேன்.

போன வாரம் சாயந்திரம் விளக்குக்குத் திரி போட்டு, எண்ணெய் விட்டு, ஏற்றி முடித்தேன். தூண்டிவிடக் குச்சியை எடுக்கும்போது பிடரி சிலிர்த்தது. குளிர் இல்லை. தொப்புளுக்குக் கீழே யாரோ விரல் நுனியால் தொட்டதுபோல் ஒரு கனம். நேரத்தைப் பார்த்தேன். சங்கு ஊத இன்னும் பொழுதிருந்தது. சேதி வேறு வழியாக, சுற்றிக்கொண்டு, வந்து சேர்ந்திருக்கிறது.

சாமி முன்னால் போறேன் என்று சொல்லிவிட்டு எழக்கூடாது. போயிட்டு வாரேன் தாயே என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வாசல் கட்டிலில் இருந்த என் வீட்டுக்காரர் நான் அவசரமாக எழுவதைப் பார்த்துப் பதறி, "என்ன புள்ள, போகுதா?" என்றார்.

"இல்லைங்க" என்றேன். "நான்தான் போறேன்."

திரும்பி வந்து கைகால் கழுவிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து திரியைத் தூண்டினேன்.